கார்பன் அமிலம்

மாம்பழக் காலம் வந்தால் "கல் வச்சுப் பழுக்க வச்சது" என்ற பேச்சும் வந்துவிடும். அந்தக் கல் கால்சியம் கார்பைடு. வேதியியல் கணக்கில் அது ஓர் உப்பு. உப்பு என்றால் அதற்கு ஓர் அமிலம் வேண்டுமே? உண்டு. வெல்டிங் பட்டறையில் எரியும் அசிட்டிலீன் வாயுதான் அது.

கார்பனோடு பிணைந்த ஹைட்ரஜனைப் புரோட்டானாக (எலக்ட்ரான் இல்லாத வெறும் கருவாக) விட்டுக்கொடுக்கும் சேர்மத்துக்குக் கார்பன் அமிலம் என்று பெயர். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்களில் சில இந்தக் கூட்டத்தில் சேரும்.

'அமிலம்' வடமொழி 'அம்ல'த்திலிருந்து வந்த சொல், பொருள் புளிப்பு. ஆங்கில 'ஆசிட்'டுக்கு மூலமான லத்தீன் 'அசிடுஸ்' என்பதும் புளிப்புதான். தமிழில் காடி என்றால் புளித்த கஞ்சி. "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்பதில் வருவது அதுவே. ஆக இந்த மொழிகளிலெல்லாம் நாக்குதான் பெயர் வைத்திருக்கிறது. 1923இல் வேதியியலாளர்கள் பிரான்ஸ்டெட், லௌரி இருவரும் தனித்தனியே, புரோட்டானைக் கொடுப்பது அமிலம் என்று வரையறுத்தார்கள். அதோடு நாக்குக்கு வேலை போயிற்று. புளிக்காத வாயுவும் அமிலமாகலாம் என்றானது. (அசிட்டிலீன் என்ற பெயருக்குள் லத்தீன் 'அசீட்டம்', அதாவது வினிகர், ஒளிந்திருப்பது வேடிக்கை. அது அசிட்டைல் என்ற சொல் வழியாக ஒட்டிக்கொண்டது. வாயுவின் அமிலத்தன்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

எல்லா ஹைட்ரோகார்பனும் ஏன் இப்படி நடப்பதில்லை? புரோட்டான் போனதும் ஓர் எலக்ட்ரான் இணை கார்பனிடம் தங்கிவிடுகிறது. அது கருவுக்கு எவ்வளவு அருகில் அமர்கிறதோ அவ்வளவு நிம்மதி. அணுவில் எலக்ட்ரான் உலவும் இடத்துக்கு ஆர்பிட்டால் என்று பெயர். அதில் எஸ் வகை கருவை ஒட்டியது, பி வகை சற்றுத் தள்ளியது. இரண்டும் கலந்த கார்பனின் கலப்பு ஆர்பிட்டாலில் எஸ் பங்கு ஈத்தேனில் 25%, எத்திலீனில் 33%, அசிட்டிலீனில் 50%. அமிலத்தின் வலுவைக் காட்டும் பிகேஏ மதிப்பு முறையே ஏறக்குறைய 50, 44, 25. எண் குறையக் குறைய அமிலம் வலுக்கும். ஓர் எண் குறைந்தால் பத்து மடங்கு. ஈத்தேனைவிட அசிட்டிலீன் எத்தனை மடங்கு என்று எழுத, 1க்குப் பின் 25 சுழியம் போடவேண்டும்!

அப்படியும் தண்ணீரிடம் அது தோற்கும். தண்ணீரின் பிகேஏ சுமார் 16. கூடைக்குள் பழத்தின் ஈரம் கல்லில் பட்டாலே போதும், தண்ணீர் தன் புரோட்டானைக் கொடுத்து அசிட்டிலீனை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது நீற்றின சுண்ணாம்பு.

ஐந்து கார்பன் வளையமுள்ள ஹைட்ரோகார்பனான சைக்ளோபென்டாடையீன் கதை வேறு. ஒரு புரோட்டானை விட்டதும் அதன் வளையத்தில் 6 பை எலக்ட்ரான்கள் (இரட்டைப் பிணைப்பு வகை எலக்ட்ரான்கள்) சேர்ந்து, அவை வளையம் முழுக்கப் பரவி, அரோமேட்டிக் எனும் மிக நிலையான அமைப்பு ஆகிவிடுகிறது. அந்த ஆதாயத்தால் அதன் பிகேஏ 16 அளவுக்கு இறங்கி எத்தனாலுக்குச் சமமாக நிற்கிறது.

ஆங்கிலத்தின் 'கார்பன் ஆசிட்'டைத் தமிழில் எப்படி எழுதுவது? 'கரிம அமிலம்' கூடாது. அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டன. 'கார்பானிக் அமிலம்' சோடாவில் இருப்பது. 'கரிக்காடி' என்று ஆக்கிப் பார்த்தேன். ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் காடி என்றதும் வாயில் புளிப்பு ஊறுகிறது. 'கார்பன் அமிலம்' என்றே எழுதலாம். இலங்கை வழக்கில் 'காபன் அமிலம்'.