பிளாக்பஸ்டர்: போர்க்குண்டிலிருந்து போஸ்டருக்கு

மிகப் பெரிய வசூலை அள்ளிய படத்துக்குப் பெயர் பிளாக்பஸ்டர். இன்று நாகர்கோவிலில் படம் வெளியான மறுநாளே ஒட்டுகிற போஸ்டரிலும் இந்தச் சொல் ஏறிவிடுகிறது. வசூல் கணக்கு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

சொல் பிறந்தது இரண்டாம் உலகப் போரில். பிரிட்டன் விமானப்படை 4,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,800 கிலோ எடையுள்ள குண்டுகளை ஜெர்மன் நகரங்கள் மீது வீசியது. நாலு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டடத் தொகுதியை ஆங்கிலத்தில் பிளாக் என்பார்கள். அதை ஒரே அடியில் தகர்ப்பது என்ற பொருளில் பத்திரிகைகள் குண்டுக்கு இந்தப் பெயரை வைத்தன. போர் முடிவதற்குள்ளேயே, 1943இல், ஹாலிவுட் விளம்பரத்தில் சொல் புகுந்துவிட்டது. 1975இல் ‘ஜாஸ்’ என்ற ஹாலிவுட் படம் ஒரே நாளில் 400க்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியாகி ஓடிய பிறகு, பெரிய செலவு, பெரிய விளம்பரம், பெரிய வசூல் என்ற பொருள் அதில் நிலைத்தது.

டிக்கெட் வரிசை தெருவையே சுற்றி நின்றதால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. அது பிற்பாடு கட்டியது. தமிழில் எழுதும்போது இன்னொரு மயக்கமும் சேர்கிறது: பிளாக் டிக்கெட்டுக்கும் இதற்கும் எழுத்து ஒன்றுதான், உறவு கிடையாது.

நம்மிடம் முன்பு வெற்றியை அளந்தது நாட்கணக்கு. நூறு நாள் ஓடினால் விழா, 25 வாரம் ஓடினால் வெள்ளிவிழா. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளி கண்ட படம். நம் நாகர்கோவில் ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் அதில் நடித்திருக்கிறார். ஒரே நாளில் எல்லா ஊரிலும் படம் இறங்கத் தொடங்கியதும் நாட்கணக்கு போய்க் கோடிக்கணக்கு வந்தது.

அந்தக் கோடியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். போஸ்டரில் போடுவது மொத்த வசூல். அதில் வரியும் தியேட்டர்காரர் பங்கும் போன பிறகு மிஞ்சுவதுதான் விநியோகஸ்தர் கைக்கு வரும். திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்தது சினிமா வியாபாரத்தில் ‘டி.கே. ஏரியா’. சென்னையில் சக்கைப்போடு போட்ட படம் இங்கே போட்ட பணத்தை எடுக்காமல் போவதுண்டு. குறைந்த செலவில் எடுத்த சின்னப் படம் கோடிகளை எட்டாமலே லாபம் பார்ப்பதும் உண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மாபெரும் வெற்றிப் படம்’ பழைய போஸ்டர் மொழி. எல்லாப் படத்துக்கும் போட்டுப் போட்டுத் தேய்ந்துவிட்டது. ‘பெருவெற்றிப் படம்’ பரவாயில்லை, ஆனால் எதில் வெற்றி என்று சொல்லவில்லை. என் தேர்வு ‘பெருவசூல் படம்’. வசூல் அரபியிலிருந்து வந்த சொல்தான், இருக்கட்டும். நிலவரி காலத்திலிருந்து நம்மிடம் புழங்குகிறது. அதைவிட, பேச்சு பணத்தைப் பற்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறது.

வசூல் வேறு, தரம் வேறு என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் விமர்சனம். பிளாக்பஸ்டர் என்று எழுதிவிட்டால் படத்தைப் பற்றிப் பேசியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் சாதாரணப் பேச்சே இதைவிடத் தெளிவு. படம் விட்டு வருகிறவரிடம் கேட்டால், பிடித்திருந்தால் ‘கொள்ளாம்’ என்பார். தனக்குப் பிடிக்காமல் கூட்டத்துக்குப் பிடிக்கும் என்று தோன்றினால் ‘ஓடும்’ என்பார். முதல் பதில் படத்தின் தரத்தைப் பற்றியது, இரண்டாவது சந்தையைப் பற்றியது. தமிழும் மலையாளமும் மாறிமாறிப் பார்த்துப் பழகிய ஊரில் இந்தப் பிரிவு தானாக வந்திருக்கிறது.

திறனாய்வு என்ற சொல்லும் திறனை ஆராயத்தான் சொல்கிறது. திரைக்கதை எங்கே தொய்கிறது, நடிப்பு எங்கே பிடிக்கிறது, இரண்டாம் பாகத்துக்குத் தேவை இருந்ததா, இதெல்லாம் அதற்குள் வரும். வசூலை எழுதலாம், தனி வரியாக: “பெருவசூல் படம். இடைவேளைக்குப் பிறகு கதை நின்றுவிடுகிறது.”