மடங்கவும் வேண்டும், மடங்கவும் கூடாது: செயற்கை முழங்காலைத் தேர்வது எப்படி?

ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு எதிரெதிரான இரண்டு வேலைகள். குதிகால் ஊன்றி உடல் எடை ஏறும்போது அது சட்டென்று மடிந்துவிடக் கூடாது. கால் தரையை விட்டதும் சுமார் 60 பாகை மடங்கி, அடுத்த ஊன்றலுக்குள் நீண்டுவிட வேண்டும். முதல் வேலை பிசகினால் ஆள் விழுவார். இரண்டாவது பிசகினால் கால்விரல் நுனி தரையில் இடறும்.

எளிமையானது கையால் பூட்டும் மூட்டு. நடக்கும்போது விறைப்பாகவே நிற்கும். உட்காரும்போது மட்டும் பூட்டைத் திறக்க வேண்டும். விழும் பயம் குறைவு. ஆனால் மடங்காத காலை வீச இடுப்பைத் தூக்கியோ, காலைப் பக்கவாட்டில் சுழற்றியோ நடக்க நேரும். அந்தக் காலைச் சுமார் 1 செ.மீ. குட்டையாக அமைப்பது இதற்காகத்தான்.

ஒற்றை அச்சு மூட்டு கதவுக் கீல் மாதிரி. எடையின் விசைக்கோடு அச்சுக்கு முன்னால் போனால் நிற்கும், பின்னால் போனால் மடியும். அச்சைச் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் பாதுகாப்பு கூடும், மடக்குவது கடினமாகும். வீச்சைக் கட்டுப்படுத்தும் உராய்வுத் திருகு ஒரே வேகத்துக்குத்தான் பொருந்தும். வேகமாக நடந்தால் குதிகால் பின்னால் எகிறும், பிறகு கால் டொக்கென்று மோதி நீளும்.

நான்கு தண்டு மூட்டுதான் செலவுக்கு ஈடான பலனை அதிகம் தருவது என்பது எங்கள் கருத்து. கால் நேராக இருக்கையில் இதன் சுழற்சி மையம் மூட்டுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருக்கும்; அதனால் ஊன்றும்போது உறுதி. மடங்க மடங்க அந்த மையம் இடம் மாறும், காலின் நீளமும் சற்றுக் குறையும். நுனி தரையில் தட்டாது. பேட்டரி வேண்டாம். குறை என்னவென்றால், இணைப்புகள் அதிகம். இணைப்புத் துளைகளுக்குள் இருக்கும் புஷ்கள் (உருளை வளையங்கள்) தேய்ந்ததும் மூட்டு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும், சத்தமும் வரும். அந்த ஆட்டத்தை விட்டுவைத்தால் தண்டுகளின் துளைகளும் அகலும்.

நடை வேகம் அடிக்கடி மாறுபவருக்கு ஹைட்ராலிக் மூட்டு நல்லது. வேகமாக வீசினால் எண்ணெயின் எதிர்ப்பும் தானே கூடும். எடை கூடுதல், சீல் போனால் எண்ணெய் கசியும்.

மைக்ரோபிராசசர் மூட்டு காலை இயக்குவதில்லை, எதிர்ப்பை மட்டுமே மாற்றுகிறது. 1997-இல் வந்த சி-லெக் என்ற இவ்வகை மூட்டு, சென்சார்களை வினாடிக்கு 50 முறை படித்து வால்வைத் திருப்பியது. வீசும் கால் எதிலாவது இடறினால் எதிர்ப்பை உடனே ஏற்றி ஆளைத் தாங்கும். சரிவிலும் படியிலும் ஒவ்வோர் அடியாக மாற்றி மாற்றி இறங்கலாம். அடிக்கடி விழுபவருக்கு இது பெரிய வித்தியாசம். பதிலுக்கு விலை, தவறாத சார்ஜ், குறித்த காலத்தில் சர்வீஸ் எல்லாம் சேரும். சில மாடல்களில் தண்ணீர் படக் கூடாது.

எந்த மூட்டானாலும் சாக்கெட், அதாவது எஞ்சிய தொடை நுழையும் உறை, தளர்வாக இருந்தால் தொடை அசைவது மூட்டுக்கு முழுதாகப் போய்ச் சேராது. பணம் அளவாக இருந்தால் முதலில் சாக்கெட்டைச் சரிசெய்யுங்கள். பிறகு சில மூட்டுகளை மாட்டி, சமதரையில் மட்டுமல்லாமல் சரிவில், படியில், நாற்காலியிலிருந்து எழுந்து, திடீரென நின்று பாருங்கள். பழுதானால் உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.