தரை சாய்ந்தால் உடல் என்ன செய்யும்?

குளியலறைக்குத் தளம் போடும் கொத்தனார் வாட்டம் வைப்பார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் போதும், தண்ணீர் தானே வடிகாலைத் தேடிப் போய்விடும். காலுக்கு அந்த வாட்டம் தெரியவே தெரியாது. அதையே மீட்டருக்கு 17 சென்டிமீட்டராகக் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 10 பாகை (டிகிரி) சரிவு வந்துவிடும். எந்தப் பக்கம் நடக்கிறோம், எங்கே நிற்கிறோம், எப்படி உட்காருகிறோம் என்பதையெல்லாம் அதன்பின் தரைதான் தீர்மானிக்கத் தொடங்கும்.

இதை ஒரு கட்டடக் கொள்கையாகவே வளர்த்தவர்கள் பிரான்சின் கட்டடக் கலைஞர் க்ளோத் பரானும், கண்ணாடி ஓவியக் கலையிலிருந்து வந்த சிந்தனையாளர் போல் விரிலியோவும். 1963இல் குழுவாகச் சேர்ந்த இவர்கள் 1966இல் தங்கள் கருத்துகளுக்கென்றே ஓர் இதழும் நடத்தினார்கள். வீடு என்றால் தங்குவதற்கு அறை, நடப்பதற்குத் தாழ்வாரம் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறதே, அது ஏன் என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. தரை சாய்ந்திருந்தால் நடைபாதையும் இருக்கையும் படுக்கையும் ஒரே பரப்பில் அமைந்துவிடும் என்றார்கள்.

ஆனால் 5 பாகைச் சரிவும் 15 பாகைச் சரிவும் முற்றிலும் வேறு வேறு இடங்கள். 60 கிலோ எடையுள்ளவர் 5 பாகைச் சரிவில் நின்றால், சரிவின் வழியே அவரைக் கீழே இழுக்கும் விசை சுமார் 5 கிலோ எடைக்குச் சமம். 10 பாகையில் அது 10 கிலோவைத் தாண்டும், 20 பாகையில் 20 கிலோவை. 3 பாகைக்குள் என்றால் பெரும்பாலோர் சரிவைக் கவனிப்பதே இல்லை. 5 பாகையில் நடை மாறுகிறது. 10 பாகைக்கு மேல் போனால் நிற்பவர் உட்கார இடம் தேடுவார். 20, 25 பாகையில் தரை ஒரு சாய்மானமாகிவிடும். அங்கே நடப்பதைவிடச் சாய்ந்து கிடப்பதே எளிது.

உடல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதும் முக்கியம். மேட்டைப் பார்த்து நின்றால் கணுக்கால் மடங்கி, கெண்டைச்சதை இழுபடும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் பாதம் முன்னால் நழுவப் பார்க்கும், தொடையின் முன்தசை அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். மிகவும் தொந்தரவு தருவது பக்கவாட்டில் நிற்பது. கால்களை 30 செ.மீ. அகட்டி 10 பாகைச் சரிவில் குறுக்காக நின்றால் ஒரு பாதம் மற்றதைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்கும். ஒரு முழங்காலை மடக்கியே தீரவேண்டும், இடுப்பும் கோணும். இரண்டு நிமிடம்கூட அப்படி நிற்க முடியாமல் ஆள் திரும்பிவிடுவார். அதனால் சாய்தரையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் மேட்டையோ பள்ளத்தையோ நோக்கித்தான் நிற்பார்கள். வட்டமாகக் கூடி நிற்கும் வழக்கம் அங்கே எளிதில் கலைந்துவிடும்.

நடைக்கும் விலை உண்டு. மீட்டருக்கு 10 செ.மீ. இறங்கும் சரிவில் கீழே நடப்பதற்கு, சமதரையில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய பாதியே போதும். அதே சரிவில் ஏறுவதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். போக எளிது, திரும்பி வரக் கடினம். அடிக்கடி எடுக்கும் பொருளை மேட்டில் வைப்பதா பள்ளத்தில் வைப்பதா என்பதை இந்த ஏற்றத்தாழ்வுதான் முடிவுசெய்கிறது.

தலைச்சுற்றல் வருவதற்குக் காரணம் வேறு. உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை மூளை அவற்றின் மூலம் அறிகிறது. கண்ணோ சுவர், கதவுநிலை, சன்னல் விளிம்பு ஆகியவற்றைப் பார்த்து நேர்க்கோட்டை ஊகிக்கிறது. தரையோடு சுவரையும் சேர்த்துச் சாய்த்துவிட்டால் காது ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். குமட்டல் தொடங்குவது அங்கேதான். ஆகவே தரை எப்படிச் சாய்ந்தாலும் கதவுநிலையும் தூணும் தூக்குக்குண்டு நூலுக்கு நேராக நிற்க வேண்டும். வெளியே தொடுவானம் தெரியும் ஒரு சன்னலும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த ஆபத்து வழுக்கல். அசையாமல் நிற்பதற்கு உராய்வுக் குணகம், அதாவது தரை காலைப் பிடிக்கும் அளவைக் காட்டும் எண், சரிவுக் கோணத்தின் டேன் (tan) மதிப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 10 பாகைக்கு அது 0.18. நடக்கும்போது குதிகால் ஊன்றும் கணத்தில் சமதரையிலேயே சுமார் 0.2 தேவைப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் 0.4 அளவு வேண்டும். உலர்ந்த சொரசொரப்பான கான்கிரீட் இதைத் தாராளமாகத் தரும். நனைந்த பளபளப்பு டைல்ஸ் தராது. சாய்தரைக்கு ரப்பர் விரிப்போ, குட்டை மயிர்க் கம்பளமோ, சரிவுக்குக் குறுக்காகத் துடைப்பக் கீறல் போட்ட கான்கிரீட்டோதான் சரி. கீறலைச் சரிவின் போக்கிலேயே போட்டால் தண்ணீர் நன்றாக வடியும், காலுக்குப் பிடிப்பு மட்டும் கிடைக்காது.

சாய்ந்த தளத்துக்குக் கான்கிரீட் போடுவதும் தனி வேலை. கலவை தளர்வாக இருந்தால் வழிந்து பள்ளத்தில் சேர்ந்துவிடும். மேற்பகுதி மெலிந்து கம்பி வெளியே தெரியும். எனவே கலவை கெட்டியாக இருக்க வேண்டும், கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கிப் போட வேண்டும். மேலிருந்து தொடங்கினால், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் கீழே ஓடும்போது மேலே போட்டதும் சேர்ந்து நழுவும். 20, 25 பாகைக்கு மேல் போனால் அடியில் சென்ட்ரிங் அடிப்பது போலவே மேற்புறமும் பலகை அடித்து மூடவேண்டி வரும்.

பரானும் விரிலியோவும் நெவேர் நகரில் கட்டி 1966இல் முடித்த செயின்ட் பெர்னதெத் தேவாலயம் வெளியே போர்க்காலப் பதுங்குகுழி போன்ற கான்கிரீட் பாறை. உள்ளே இரண்டு சாய்தளங்கள் நடுவில் சந்திக்கின்றன. சாய்ந்த இடத்தில் மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்தால் உடலும் மனமும் என்னவாகும் என்று பார்க்க, பாரிஸை அடுத்த நான்த்தேரில் ஒரு சோதனைக்கூடம் அமைக்கவும் திட்டமிட்டார்கள். 1968 மே மாதம் பிரான்சில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய கிளர்ச்சியில் அது நின்றுபோனது. இந்தத் துறைக்கு நேர்ந்த உண்மையான இழப்பு அதுதான். அளந்து பார்க்கவேண்டிய கேள்விகள் பலவும் வாதங்களாகவே தங்கிவிட்டன.

பரான் பின்வாங்கவில்லை. பாரிஸை அடுத்த நுய்யியில் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே சாய்தளங்களை அமைத்தார். அறைகலன் சிக்கல் அங்கே முழுதாக வெளிப்படும். 1.2 மீட்டர் நீள மேசையை 10 பாகைச் சரிவில் மட்டமாக நிறுத்த, ஒரு பக்கக் காலை 21 செ.மீ. குட்டையாக்க வேண்டும். அந்த மேசை பிறகு வேறெங்கும் நிற்காது. அறைகலனைத் தரையோடு சேர்த்தே கட்டிவிடுவதுதான் உருப்படியான வழி.

2010இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்ட ரோலக்ஸ் கற்றல் மையம் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. ஜப்பானின் சானா நிறுவனம் வடிவமைத்த அந்தக் கட்டடம் சுமார் 166 மீட்டர் நீளம், 121 மீட்டர் அகலம் கொண்ட ஒரே கூடம். உள்ளே சுவர்கள் மிகக் குறைவு. தரையே மேடாக எழுந்து மறுபக்கத்தை மறைப்பதால் படிக்கும் இடமும் பேசும் இடமும் பிரிகின்றன. தரையைத் தாங்கித் தட்டையான வளைவாக நிற்கும் மெல்லிய கான்கிரீட் கூடு இரு முனைகளையும் வெளியே தள்ளும். முன்கூட்டியே இழுத்து இறுக்கிய கம்பிவடங்கள் தரைக்கு அடியில் அந்த முனைகளை இழுத்துப் பிடித்திருக்கின்றன.

இவ்வகைக் கட்டடங்களின் கடினமான கேள்வியும் அங்கேதான் தெரிகிறது. சக்கர நாற்காலிக்குரிய சாய்தளம் 12க்கு 1 என்ற விகிதத்தை, அதாவது 4.8 பாகையைத் தாண்டக்கூடாது என்பது பரவலான விதி. பக்கவாட்டுச் சரிவு 50க்கு 1 மட்டுமே. 10 பாகைத் தரை உடலை விழிக்கவைக்கலாம். நாற்காலியில் வருபவருக்கு, மூட்டு தேய்ந்த முதியவருக்கு அது மூடிய கதவு. லோசானில் மேடுகளின் மீது வளைந்து வளைந்து ஏறும் பாதைகளையும் சரிவில் ஊர்ந்தேறும் சிறு லிஃப்டுகளையும் சேர்க்க வேண்டியிருந்தது. இதை முதல் வரைபடத்திலேயே சேர்க்காமல் பிறகு ஒட்டவைத்தால், ஒரே பரப்பு என்ற எண்ணமே சிதைந்துபோகும்.

ஒரு சரிவைக் கட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க அதிகம் செலவாகாது. 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவுள்ள 19 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று, அடியில் 40 செ.மீ.க்கு ஒரு மரச்சட்டம், மேலே ரப்பர் விரிப்பு. ஒரு முனையை 42 செ.மீ. உயர்த்தினால் 10 பாகை, 21 செ.மீ. உயர்த்தினால் 5 பாகை. கீழ் முனை நகராதபடி ஆப்பு வைத்து, அதில் அரை மணி நேரம் நின்று, உட்கார்ந்து, படுத்துப் பார்க்கவேண்டும். ஒரு கோலிக்குண்டையும் உருட்டிவிடுங்கள். அது போய் நிற்கும் கோட்டில்தான் நாளை தூசியும் சிந்திய தண்ணீரும் சேரும். கால்வாயை அங்கே வையுங்கள்.