பீன்ஸ் கேசரோல்: முதலில் தளதளவெனக் கொதிக்கட்டும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் (ராஜ்மா) சோறும்தான். அந்தக் காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். கூடவே ஆன்டூயி சேரும். பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு, புகையில் பதமாக்கிய பன்றி இறைச்சி சாசேஜ் அது. அதே கூட்டணியில் தக்காளியும் மொலாசஸும் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) சேர்த்து ஓவனில் வைத்தால் கேசரோல் என்ற உணவு. நல்ல சாப்பாடு, நார்ச்சத்தும் புரதமும் நிறைய. ஓர் உணவியல் ஆலோசகராக இதை வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் இதைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, பேதி என்று சிலர் வருகிறார்கள். சாசேஜ் கெட்டிருக்கும், இல்லையென்றால் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். நான் முதலில் கேட்பது பீன்ஸைப் பற்றித்தான். டின்னா, காய்ந்ததா? எதில் வேகவைத்தீர்கள்? காய்ந்த ராஜ்மாவை ஊறவைத்து நேரே ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின் பாத்திரம்) போட்டோம் என்று பதில் வந்தால், எனக்குச் சந்தேகம் சாசேஜ் மேல் இல்லை.

ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் (ஒரு வகைப் புரதம்) இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து பீன்ஸே வயிற்றைப் புரட்டப் போதும். நன்றாகக் கொதித்தால் இது அழிந்துவிடும். மிதமான சூட்டில் அழியாது. 80 டிகிரி செல்சியஸில் வேகவைத்த பீன்ஸ், வேகவைக்காத பீன்ஸைவிட ஐந்து மடங்கு வரை நச்சாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. ஸ்லோ குக்கர் பல நேரம் அந்தச் சூட்டிலேயே நின்றுவிடுகிறது.

அதனால் குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நிம்மதி. இன்ஸ்டன்ட் பாட் என்ற மின் குக்கரிலும் பிரஷர் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், ஸ்லோ குக் பொத்தானை அல்ல. வெந்ததா என்று பார்க்க ஒரு பீன்ஸை விரலால் நசுக்குங்கள்: தோலோடு மாவாக மசிய வேண்டும். நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் இன்னும் வேகட்டும். தக்காளியையும் மொலாசஸையும் அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் பீன்ஸ் மசிய ரொம்ப நேரம் பிடிக்கும்.

டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது, அந்தப் பயம் இல்லை. ஆனால் உப்பு அதிகம். சாசேஜிலும் உப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டின் தண்ணீரை வடித்து, பீன்ஸை அலசிவிட்டு, தனியாக உப்பே போடாமல் சமைத்துப் பாருங்கள். ருசி குறையாது. இதில் கேஜன் மசாலாப் பொடி (லூசியானா பாணிக் காரப் பொடி) போட்டால் அதிலும் பெரும்பாலும் உப்பு இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

சாசேஜ் பச்சையாக வாங்கியதா என்றும் பாருங்கள். பச்சை பன்றி சாசேஜ் உள்ளே 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பீன்ஸால் வரும் வாந்தி பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கும். தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சின்னக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேதியில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.