பறப்பது சிலுவை அன்று

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நெருங்கும்போது, 1942 ஆம் ஆண்டின் யப்பானியக் குண்டுவீச்சைப் பற்றித் திருகோணமலையில் பேச்சுகளும் கட்டுரைகளும் வருகின்றன. லியனார்ட் பேர்ச்சால் என்ற கனேடிய விமானியின் பெயரைச் சொன்னவுடன், அவர் 'புகழ்பெற்ற பறக்கும் சிலுவை' பெற்றவர் என்ற தொடரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. சிலுவை எங்கும் பறக்கவில்லை, பறந்தவர் பேர்ச்சால். சிலுவைக்குப் புகழும் இல்லை. சிறப்பு அவருடைய செயலுக்கு உரியது. ஒரே தொடரில் இரண்டு அடைகளும் தவறான இடத்தில் போய் அமர்ந்திருக்கின்றன.

அந்தத் தொடரின் ஆங்கில மூலமான 'டிஸ்டிங்குவிஷ்ட் பிளையிங் குறொஸ்' என்ற விருது பிரித்தானிய அரசால் 1918 ஜூன் 3 அன்று ஏற்படுத்தப்பட்டது. பகைவருக்கு எதிரான வான் நடவடிக்கையில் காட்டிய துணிவுக்கும் கடமையுணர்வுக்கும் அது வழங்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'பிளையிங்' என்ற ஒரே வடிவம் 'பறக்கும்' என்ற பெயரெச்சமாகவும் 'பறத்தல்' என்ற தொழிற்பெயராகவும் நிற்கும். தமிழிலோ இரண்டுக்கும் வெவ்வேறு வடிவங்கள் உள்ளன. பேர்ச்சால் ஓட்டிய கற்றலீனா வானூர்தியைப் 'பறக்கும் படகு' என்று எழுதினால் அது சரி, ஏனெனில் அந்தப் படகு உண்மையாகவே பறந்தது. அதே அச்சில் சிலுவையையும் வார்த்தவர்கள், எது பறக்கிறது என்று ஒரு கணம் கேட்டிருந்தால் போதும்.

பேர்ச்சாலுக்கு அந்தச் சிலுவையைப் பெற்றுத்தந்த செயல் எது என்பதையும் பார்க்க வேண்டும். 413 ஆம் படையணியைச் சேர்ந்த அவர் கொக்கலைக்கு வந்து சேர்ந்த சில நாட்களுக்குள், ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவு சென்று கடலைக் கண்காணித்தபோது, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் தொகுதியைக் கண்டார். வானொலிச் செய்தி அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சீரோ விமானங்கள் கற்றலீனாவைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். ஏனைய அறுவரும் சிறைபிடிக்கப்பட்டனர். மறுநாள் கொழும்பும், 9 ஆம் திகதி நமது திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடாவும் தாக்கப்பட்டன. எண்ணெய்க் குதம் ஒன்றின்மீது யப்பானிய விமானம் மோதியதும் அன்றுதான். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்ததால் கப்பல்கள் பலவற்றைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்ற முடிந்தது.

இனி, மாற்றாக முன்வைக்கப்படும் சொற்களைப் பார்ப்போம். 'வான்வீரப் பதக்கம்' என்று எழுதுவோர் உளர். கேட்க இனிமையாக இருந்தாலும் அது ஆளையே மாற்றிவிடுகிறது. 1918 ஜூன் 3 அன்று நான்கு விருதுகள் ஒன்றாகப் பிறந்தன: அதிகாரிகளுக்கு இரண்டு சிலுவைகள், ஏனைய நிலையினருக்கு இரண்டு பதக்கங்கள். 1993 இல் இந்த வேறுபாடு நீக்கப்படும்வரை, ஒரே விமானத்தில் ஒரே துணிவைக் காட்டிய இருவருக்கு, அதிகாரிக்குச் சிலுவையும் மற்றவருக்குப் பதக்கமும் கிடைத்திருக்கலாம். அந்த வேறுபாடு நியாயமானதா என்பது வேறு கேள்வி. சிலுவையைப் பதக்கம் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் அந்த வரலாற்றையே துடைத்துவிடுகிறார்.

'சிலுவை' வேற்றுமொழிச் சொல், சமயச் சொல், ஆகவே 'குறுக்கை' என்று எழுதுவோம் என்பது இன்னொரு வாதம். சிலுவை சிரிய மொழியிலிருந்து வந்தது உண்மையே. ஆயினும் அது தமிழ் ஒலிமரபுக்கு முற்றாக இசைந்து, எல்லாச் சமயத்தவருக்கும் விளங்கும் சொல்லாகிவிட்டது. குறுக்கை என்றால் நம் ஊரில் எத்தனை பேருக்கு விளங்கும்? இந்த விருது வெள்ளியாலான சிலுவையேதான். அதன் மீது விமானச் சுழலிகளாலான மற்றொரு சிலுவை படிந்திருக்கும், நாடாவில் வெள்ளையும் ஊதாவும் சாய்கோடுகளாக ஓடும். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைச் சொல்லில் மறைப்பதால் தமிழுக்குத் தூய்மை வந்துவிடாது. தொல்காப்பியத்தின் 'மாராயம்' என்ற சொல், வேந்தன் வீரனுக்கு அளிக்கும் சிறப்பைக் குறிப்பது, எனக்கு மிகவும் உவப்பானது. விருதுகளுக்கான பொதுச்சொல்லாக அது மீளலாம். ஒரு குறிப்பிட்ட சிலுவையின் பெயராக ஆகாது.

ஆகவே 'வான்போர்ச் சிறப்புச் சிலுவை' என்பதே பொருத்தம் என்பேன். ஆங்கிலப் பெயரில் போர் இல்லையே என்று கேட்கலாம். போர்நடவடிக்கை சாராத பறப்புக்கு 'எயார் போர்ஸ் குறொஸ்' என்ற தனி விருது உண்டு. அது 'வான்படைச் சிலுவை' ஆகும்போது, இரண்டையும் பிரித்துக் காட்டுவது 'போர்' என்ற சொல்லே.

பேர்ச்சாலைப் பற்றிய மொழிபெயர்ப்புகளில் இதே கவனமின்மை வேறிடங்களிலும் தெரிகிறது. அப்போது அவர் 'ஸ்குவாட்ரன் லீடர்', அது பதவிநிலை. அதைப் 'படையணித் தலைவர்' என்று எழுதினால், 413 ஆம் படையணி முழுவதும் அவர் கட்டளையில் இருந்தது என்றே வாசகர் எண்ணுவார். இலங்கை விமானப்படையிலும் அதே பதவிநிலை இருப்பதால், ஒலிபெயர்த்தே எழுதலாம். யப்பானியச் சிறைமுகாம்களில் நோயுற்ற கைதிகளை வேலைக்கு இழுப்பதை எதிர்த்து நின்று அடிபட்டதற்காகவும் அவர் போருக்குப் பின் சிறப்பிக்கப்பட்டார். அந்த 'ஓ.பி.ஈ.' ('ஒபிசர் ஒவ் த ஓர்டர் ஒவ் த பிரிட்டிஷ் எம்பயர்') விருதைப் 'பிரித்தானியப் பேரரசின் கட்டளை அதிகாரி' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அங்கே 'ஓர்டர்' என்பது கட்டளை அன்று. சிறப்புப் பெற்றோரின் குழாம். 'பிரித்தானியப் பேரரசு விருதுக்குழாத்தின் அதிகாரி' என்று எழுதினால், எயார் கொமடோர் என்ற உயர் பதவிநிலையில் 1967 இல் ஓய்வுபெற்ற ஒருவருக்கு யாரோ கட்டளையிட்டதாகத் தோன்றாது.