கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா? காத்திருக்கும் வாலிபரின் பரிசுத்தம் பற்றி

ஆபாசப் படங்களில் சிக்கிக்கொண்ட ஒரு வாலிபன் துணிந்து வாய் திறந்தால், நம் சபைகளில் அவனுக்குக் கிடைக்கிற முதல் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும்.” ‘வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம்’ என்ற வார்த்தையையும் (1 கொரிந்தியர் 7:9) சேர்த்துக் காட்டுவார்கள். பவுல் அந்த அதிகாரத்தில் பதில் சொல்வது, மணம் செய்யலாமா வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு. ரகசியப் பழக்கம் ஒன்றுக்கு ஒரு வீட்டுப் பெண்ணை மருந்தாக எழுதிக்கொடுக்க அந்த வசனத்தில் இடமில்லை.

நடைமுறையில் என்ன ஆகிறது? மணமான புதிதில் பழக்கம் அடங்கிக் கிடக்கும். விடுதலை வந்துவிட்டது என்று சாட்சிகூடச் சொல்வார்கள். முதல் பெரிய சண்டை வரும்போது, அல்லது மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போன மாதங்களில், அது திரும்ப வந்து நிற்கும். வருஷக்கணக்காக அந்த மனம் பழகியிருப்பது தனிமைக்கும், ஒளிவுக்கும், விரல் தள்ளத் தள்ள மாறிக்கொண்டே இருக்கிற புது முகங்களுக்கும்தான். களைப்பும் கவலையும் உள்ள ஒரு மனுஷியோடு பொறுமையாக வாழ அது பழகவே இல்லை. அதற்குமேல், இத்தனை நாள் தனக்கு மட்டும் தீங்கு செய்துகொண்டவன் இப்போது இன்னொருத்தியின் உள்ளத்தையும் உடைக்கிறான்.

‘கல்யாணம் ஆனபிறகு’ என்று சொல்கிற அதே வாயால்தான் ‘வேலை கிடைத்தபிறகு’, ‘ஊழியத்துக்குள் வந்தபிறகு’ என்றும் சொல்கிறோம். ஆலோசனைக்கு வருகிறவர்களை வரிசையாகக் கேட்டால், அதிகம் விழுகிற காலம் காத்திருக்கும் காலம். படிப்பு முடிந்து டிஎன்பிஎஸ்சிக்கு மூன்றாம் வருஷமாகப் படிக்கிறவன். விசா வரும் என்று வீட்டில் இருக்கிறவன். அக்கா கல்யாணம் முடியட்டும் என்று முப்பத்திரண்டு வயதிலும் பொறுத்திருக்கிற தம்பி. முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு கதவு திறக்காமல் தவிக்கிறவள். ஆம், பெண்களும் உண்டு. பெண்கள் கூடுகையில் இதை யாரும் பேசாததால், உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இந்தக் கறை என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

யோசேப்பை ‘ஓடினவன்’ என்று மட்டும் பிரசங்கித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அவனுடைய வயதைக் கூட்டிப் பாருங்கள். சொப்பனம் காணும்போது 17 வயது. பார்வோனுக்கு முன்பாக நிற்கும்போது 30. நடுவே 13 வருஷம், அடிமையாகவும் கைதியாகவும். பானபாத்திரக்காரரின் தலைவன் மறந்துபோனதில் மட்டும் இரண்டு வருஷம் போயிற்று. இந்த வருஷங்களில் அவன் கை சும்மா இருந்ததாக வேதம் எங்கும் சொல்லவில்லை. போத்திபாரின் வீட்டுக் கணக்கு அவனிடம் இருந்தது. சிறையின் பொறுப்பும் அவனிடம் வந்தது. ஒருநாள் காலையில் இரண்டு கைதிகளின் முகவாட்டத்தைக் கவனித்து, ஏன் இன்றைக்குத் துக்கமாயிருக்கிறீர்கள் என்று விசாரித்தான் (ஆதியாகமம் 40:7). தன் துக்கமே தலைக்குமேல் இருக்கும்போது அடுத்தவன் முகத்தைப் பார்க்கிற கண், இச்சைக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. தாவீதை எதிர்ப்புறத்தில் வைத்துப் பாருங்கள். சவுலுக்குப் பயந்து குகைகளில் பதுங்கிய வருஷங்களில் அல்ல, யுத்தத்துக்குப் போகவேண்டிய காலத்தில் எருசலேமில் இருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினபோதுதான் அவன் விழுந்தான்.

யோசேப்பு ஓடியதிலும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. போத்திபாரின் மனைவி அவனோடே ‘நித்தம் நித்தம்’ பேசிவந்தாள் என்று எழுதியிருக்கிறது. அவளோடே சயனிக்க மட்டுமல்ல, அவளோடே இருக்கவும் அவன் சம்மதிக்கவில்லை (39:10). வஸ்திரத்தை விட்டு ஓடின அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால், எத்தனையோ நாட்களாக அவன் அந்த அறைப்பக்கம் போகாமல் இருந்திருக்கிறான். பரிசுத்தம் காக்கப்படுவது அந்த நாட்களில்தான். நம் வாலிபர்களோ கடைசி நிமிஷத்தில் ஜெபிக்கிறார்கள். இரவு பதினொன்றரை மணி, அறைக்கதவு சாத்தியிருக்கிறது, போன் கையில், ரீல்ஸ் ஓடி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அப்போது “ஆண்டவரே, காப்பாற்றும்” என்கிறார்கள். அந்த ஜெபத்தை ஏழரை மணிக்கே, போனை ஹாலில் சார்ஜில் போடும்போது செய்திருக்கவேண்டும்.

ஆகவே முதல் வேலை, தீர்மானம் எடுப்பது அல்ல. ஒரு சின்ன நோட்டு வாங்குவது. பதினாலு நாள், சோதனை வந்த ஒவ்வொரு முறையும் (விழுந்தாலும் விழாவிட்டாலும்) ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தேன், கையில் என்ன இருந்தது, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது, மனநிலை என்ன. பார்த்ததை விவரித்து எழுதவேண்டாம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று தடங்கள் தெளிவாகத் தெரியும். அப்பா ‘இன்னும் வேலை கிடைக்கலையா’ என்று கேட்ட இரவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்து சாப்பிட்டுப் படுத்த நேரம். தேர்வு முடிவு வந்த நாள். உபவாசம் இருந்த நாளின் இரவுகூட இந்தப் பட்டியலில் வருவதுண்டு. வயிறு காய்ந்து, தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்திருக்கும் வேளை அது. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் இச்சைக்கு முன்னால் நடந்து வரும்.

பிறகு போன். படுக்கையறைக்குள் அது வரக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அலாரம் வேண்டுமென்றால் கடையில் ஒரு கடிகாரம் வாங்குங்கள். வேதம் வாசிக்க அச்சிட்ட வேதாகமம் இருக்கட்டும். ஐபோனில் ‘ஸ்க்ரீன் டைம்’ அமைப்பில் வயதுவந்தோர் தளங்களைத் தடுக்கலாம். அதன் பாஸ்கோடை, வாரந்தோறும் நீங்கள் கணக்குக் கொடுக்கும் பொறுப்பாளர் (அவரைப் பற்றிக் கீழே) போடவேண்டும், நீங்கள் பார்க்கக்கூடாது. ஆண்ட்ராய்டில் ‘ப்ரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில், ஆபாசத் தளங்களை வடிகட்டும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் குடும்ப முகவரியை (family.cloudflare-dns.com) போட்டுவிட்டால் பிரவுசர் வழியான பெரும்பகுதி அடைபடும். ஆனால் அதை நீங்களே இரண்டு தட்டில் எடுத்துவிட முடியும், ஆகையால் அது வேகத்தடைதான், மதில் அல்ல. டெலிகிராம், இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகளுக்குள் ஓடுவதை இது தடுக்கவும் செய்யாது. விழுகை பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். ஆபாசத் தளம் கடைசிப் படி. நோட்டில் எந்தச் செயலி திரும்பத் திரும்ப வருகிறதோ, அதை மூன்று மாதம் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள். விழுந்த மறுநாள் ஆவேசத்தில் பத்துத் தடைகளைப் போட்டுவிட்டு, பத்தாம் நாள் ஒவ்வொன்றாகக் கழற்றுவது வழக்கம். இரண்டு தடை போதும், சாவி இன்னொருவர் கையில் இருந்தால்.

இச்சை எழும்பினால் அது ஏறிக்கொண்டே போகும், இணங்கினால்தான் அடங்கும் என்று வாலிபர்கள் நம்புகிறார்கள். அப்படியல்ல. அலைபோல ஏறி, நாம் தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியில் உட்கார்ந்த இடத்தில் போராடாதீர்கள். எழுந்து, ஆள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். அடுப்படியில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாலும் சரி, தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாலும் சரி. ‘விலகியோடி’ என்று தீமோத்தேயுவுக்கு எழுதின பவுல், அதே வாக்கியத்தில் ‘சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே’ என்றும் எழுதினார் (2 தீமோத்தேயு 2:22). ஓடுகிறவனுக்குப் போய்ச்சேர மனிதர் வேண்டும்.

இந்தப் பொறுப்பாளர் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒரே வயதில், ஒரே போராட்டத்தில் இருக்கிற நான்கு நண்பர்கள் சேர்ந்தால், மூன்றாம் வாரத்தில் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் கூட்டமாக அது மாறிவிடும். உங்களைவிட மூத்தவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ரகசியம் காக்கத் தெரிந்தவர், உங்கள் வேலைக்கோ ஊழிய நியமனத்துக்கோ கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லாதவர். அப்படி ஒருவரைத் தேடுங்கள். வாரம் ஒரு நாள், குறித்த நேரம், அரை மணி போதும். “விழுந்தாயா?” என்று மட்டும் கேட்டால் “இல்லை” என்று சொல்வது எளிது. “இந்த வாரம் எத்தனை மணிக்குத் தூங்கினாய்? போன் எங்கே இருந்தது? யார்மேல் கோபம்? எதை என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டாய்?” என்று கேட்கிறவரே உதவுவார். விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாற்பது நாள் கணக்கு வைத்து நாற்பத்தோராம் நாள் விழுந்தவன், ‘போனது போயிற்று’ என்று அந்த வாரம் முழுக்க விழுவான். அறிக்கை தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பள்ளம் ஆழமாகிறது. ‘அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்’ என்ற வாக்கு (நீதிமொழிகள் 28:13) நாற்பத்தோராம் நாளுக்கும் சேர்த்துத்தான்.

பாவம் அல்லாததைப் பாவம் என்று சுமக்கிறவர்களும் வருகிறார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது உடலின் இயல்பு. லேவியராகமம் 15:16-ல் விந்து வெளிப்பட்டவன் குளித்து சாயங்காலம் வரை காத்திருக்கும்படி மட்டுமே சொல்லப்பட்டது, அதற்குப் பலி எதுவும் கேட்கப்படவில்லை. இதனால் நரம்பு தளரும், பிள்ளை பிறக்காது என்று பயமுறுத்தி, லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதேபோல, சிறு வயதில் யாரோ தொட்டுச் சீரழித்ததை வைத்து ‘நான் பரிசுத்தத்தை இழந்தவள்’ என்று நினைக்கிற சகோதரியே, சகோதரனே, அது உங்கள் பாவம் அல்ல. தாவீதின் மகள் தாமாரை அவள் அண்ணன் அம்னோன் பலவந்தம்பண்ணினபோது, வேதம் அம்னோனைத்தான் குற்றவாளியாக நிறுத்துகிறது.

இன்னும் சில காரியங்கள் ஜெபக்கூட்டத்தோடு முடிகிறவை அல்ல. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சபைக் கமிட்டி பேசித் தீர்க்க அதில் இடமில்லை. வீடியோ அழைப்பில் பதிவு செய்து மிரட்டுகிறார்களா? ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் செய்யுங்கள். வெட்கத்தில் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், அந்த நிமிஷமே வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. பழக்கம் இன்னும் நடப்பில் இருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். மண்டபம் பதிவாகிவிட்டது என்பது காரணம் ஆகாது. அடங்கியிருந்தாலும், மணக்கப்போகிறவரிடம் போதகரையோ ஆலோசகரையோ அருகில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: என்ன பழக்கம், எத்தனை வருஷம், கடைசியாக எப்போது, இப்போது யாரிடம் கணக்குக் கொடுக்கிறேன். காட்சிகளை விவரிக்கவேண்டாம், அவர் மனதில் அவை ஒட்டிக்கொள்ளும். உடனே பதில் கேட்காதீர்கள். யோசிக்க அவருக்கு நாட்கள் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்கிற உரிமையையும் கொடுங்கள். அதற்குள் இரவு பத்து மணிக்குமேல் நீளும் போன் பேச்சை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒன்பது மணிக்கு, ஹாலில் வீட்டார் நடமாடும் நேரத்துக்கு, மாற்றிக்கொள்ளுங்கள்.