பெயர்வளையம்: ‘கார்ட்டூஷ்’ என்னும் சொல்லும் ஆங்க்கெபெரூரே யார் என்னும் கேள்வியும்

பண்டைய எகிப்தின் கல்வெட்டுகளில் மன்னர் பெயரைச் சுற்றி ஒரு நீள்வட்டக் கோடும், அதன் ஒரு முனையைத் தொட்டபடி ஒரு நேர்கோடும் காணப்படும். இந்த அமைப்பை ஆய்வாளர்கள் ‘கார்ட்டூஷ்’ என்பர். தோட்டாவைக் குறிக்கும் இந்தப் பிரெஞ்சுச் சொல், காகிதச் சுருளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான ‘கார்தோச்சோ’விலிருந்து வந்தது. 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற வீரர்கள், தங்கள் துப்பாக்கித் தோட்டாவின் வடிவத்தைச் சுவர்களில் கண்டு இப்பெயரை இட்டனர் என்று சொல்வது வழக்கம். ஆனால் எழுத்துப் பொறித்த அலங்காரச் சட்டத்திற்கும் பிரெஞ்சுக் கட்டடக்கலையில் இதே சொல் முன்பே வழங்கியதால், அந்தப் பொருளிலிருந்தே இது வந்திருக்கலாம் என்பது என் கருத்து.

எகிப்தியர் இதற்கு இட்ட பெயர் ‘ஷெனு’. சுற்றி வளைத்தல் என்னும் பொருளுடைய ‘ஷெனி’ என்ற வினையிலிருந்து அது பிறந்தது. கோடு உண்மையில் ஒரு கயிறு. முனையில் உள்ள நேர்கோடு அதன் முடிச்சு. கதிரவன் சுற்றி வரும் உலகனைத்தும் மன்னனுக்கு உரியது என்பதே இதன் கருத்து. மூன்றாம் அரசமரபின் முடிவில் தோன்றிய இவ்வழக்கம், நான்காம் அரசமரபின் முதல் மன்னரான ஸ்னெஃபெரு காலத்தில் நிலைபெற்றது. மன்னருக்குரிய ஐந்து பெயர்களில், முடிசூடும்போது ஏற்கும் அரியணைப் பெயரும் பிறப்புப் பெயரும் மட்டுமே வளையத்திற்குள் எழுதப்பட்டன. பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822இல் எகிப்திய எழுத்தைப் படித்தறிந்தபோது, தாலமி, கிளியோபாட்ரா ஆகிய பெயர்களைச் சுற்றியிருந்த வளையங்களே அவருக்குத் துணைநின்றன.

இவ்வளையத்தின் முழு மதிப்பையும் உணர்த்துவது, அக்கெனாத்தன், துத்தன்காமூன் என்னும் இரு மன்னர்களுக்கு இடைப்பட்ட சில ஆண்டுகளின் வரலாறு. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்காலத்தில் ‘ஆங்க்கெபெரூரே’ என்னும் அரியணைப் பெயர் வழங்கியது. ‘ரே என்னும் கதிரவக் கடவுளின் தோற்றங்கள் உயிருள்ளவை’ என்பது அதன் பொருள். சிக்கல் என்னவென்றால், இந்தப் பெயருக்கு இணையாக வரும் இரண்டாம் வளையத்தில், அதாவது பிறப்புப் பெயருக்குரிய வளையத்தில், சில இடங்களில் ஸ்மென்க்கரே என்றும், வேறு சில இடங்களில் நெஃபர்நெஃபெருஆத்தன் என்றும் உள்ளது. அக்கெனாத்தனின் தலைநகரான அமர்னாவில், அரச அதிகாரி இரண்டாம் மெரிரேயின் கல்லறைச் சுவரில், முற்றுப்பெறாத ஓர் ஓவியத்தில், ஸ்மென்க்கரேயும் அக்கெனாத்தனின் மூத்த மகள் மெரித்தாத்தனும் அரசனும் அரசியுமாக நின்றனர். பின்னாளில் திருடர்கள் அப்பெயர்வளையங்களை வெட்டி எடுத்துவிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் லெப்சியுஸ் போன்றோர் எடுத்து வைத்த படிகளால்தான் அவற்றில் இருந்தது என்ன என்று நமக்குத் தெரிகிறது. மறுபுறம், தீப்ஸ் நகரில் பைரியின் கல்லறையில் பாவா என்பவர் எழுதிய கிறுக்கெழுத்து, ஆங்க்கெபெரூரே நெஃபர்நெஃபெருஆத்தனின் மூன்றாம் ஆட்சியாண்டைக் குறிப்பிடுகிறது.

இரு பெயரும் ஒரே மன்னருடையவை என்றே நெடுங்காலம் கருதினர். 1970களில் எகிப்தியல் ஆய்வாளர் ஜான் ஹாரிஸ் சில வளையங்களில் ‘த்’ ஒலிக்குரிய சிறிய அரைவட்டக் குறி இருப்பதைச் சுட்டிக்காட்டினார். எகிப்திய மொழியில் அது பெண்பால் விகுதி; எனவே ‘ஆங்கெத்கெபெரூரே’ என அமைந்த அப்பெயர் ஒரு பெண்ணுடையது. நெஃபர்நெஃபெருஆத்தனின் வளையம் ஒன்றில் ‘தன் கணவனுக்குப் பயன் தருபவள்’ என்ற அடைமொழி இருப்பதை மார்க் கபோல்ட் பின்னர் படித்தறிந்தார். மேலும், அவளுடைய அரியணைப் பெயருடன் அக்கெனாத்தனின் அன்புக்குரியவள் என்னும் தொடர் பெரும்பாலும் சேர்ந்து வருகிறது; ஸ்மென்க்கரேயின் வளையத்தில் அத்தொடர் இல்லை. ஆகவே இவர்கள் இருவர் என்பதும், ஒருவர் பெண் என்பதும் இன்று பலரும் ஏற்கும் கருத்தாகிவிட்டன.

அப்பெண் யார்? அக்கெனாத்தனின் மனைவி நெஃபர்டீட்டி, மூத்த மகள் மெரித்தாத்தன், நான்காம் மகள் என மூவரை ஆய்வாளர்கள் முன்வைக்கின்றனர். துத்தன்காமூன் கல்லறையில் கிடைத்த ஒரு பெட்டியின் துண்டில், நெஃபர்நெஃபெருஆத்தனின் பெயரும் பட்டத்தரசி மெரித்தாத்தனின் பெயரும் அடுத்தடுத்துத் தனித்தனியாக உள்ளன. ஒருவரே இருவராக அங்கே எழுதப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு என்பதாலும், நெஃபர்நெஃபெருஆத்தன் என்பது நெஃபர்டீட்டி முன்பே தன் பெயருடன் சேர்த்துக்கொண்ட பெயர் என்பதாலும், ‘கணவனுக்கு’ என்ற சொல்லாலும், நெஃபர்டீட்டியே அவள் என்னும் முடிவு எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. வேறு சான்று வெளிப்பட்டால் இம்முடிவு மாறலாம். பிற்காலத்தார் இவர்களை மறைக்கவே விரும்பினர். அபிடோஸில் முதலாம் சேத்தி அமைத்த மன்னர் பட்டியலில் அக்கெனாத்தனுக்கு முந்திய மூன்றாம் அமென்ஹோத்தெப்பை அடுத்து ஹோரெம்ஹெப் வந்துவிடுகிறார்; இடைப்பட்ட மன்னர்கள் எவருக்கும் அங்கே இடமில்லை. மன்னர் பள்ளத்தாக்கில் 1907இல் கண்டெடுத்த 55ஆம் கல்லறையின் சவப்பெட்டியிலும் வளையத்துள் இருந்த பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதனால்தான் அதனுள் கிடந்த ஆணின் எலும்புகள் அக்கெனாத்தனுடையவையா, ஸ்மென்க்கரேயுடையவையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

இனித் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். ‘குறுங்கல்வெட்டு’ என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. மேற்கண்ட சான்றுகளில் மையால் எழுதியவை உண்டு, மரப்பெட்டியில் எழுதியவை உண்டு. எல்லாம் கல்லில் வெட்டியவை அல்ல. மேலும், இங்கே பெயரிடப்பட வேண்டியது எழுத்து அன்று, எழுத்தைச் சூழ்ந்த கோடு. ‘தோட்டா’ என்று நேராகப் பெயர்த்தால் பொருளே சிதைந்துவிடும். ‘முத்திரை’ என்பதும் வேறு பொருள். அது பதிக்கும் கருவியையும் பதிவையும் குறிக்கும். ‘வளை’ என்னும் நம் வினை ‘ஷெனி’யின் பொருளையே தருவதால், ‘பெயர்வளையம்’ என்பதே பொருத்தமான கலைச்சொல் ஆகும். வேறுபடுத்த வேண்டிய இடங்களில் ‘அரியணைப் பெயர்வளையம்’, ‘பிறப்புப் பெயர்வளையம்’ என எழுதலாம்; ஆங்க்கெபெரூரே பற்றி எழுதும்போது இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால் இரு மன்னர்கள் மீண்டும் ஒருவராகிவிடுவர்.